பெட்டிக்குள்ள என்ன இருக்கெண்டு கேட்டால் ஏன் கோபம் வருது?

"கேமிங் பி.சி. பெக்கேஜ்" என்று பேஸ்புக்கில் வரும் விளம்பரங்களை ஒரு கிழமை இருந்து வாசித்துப் பாருங்கள். ஐ7, 16 ஜி.பி. ராம், கிராபிக்ஸ் கார்ட், கலர் கலரா மின்னுற கேஸிங், கீபோர்டும் மவுஸும் இலவசம். அவ்வளவுதான். எத்தனையாம் தலைமுறை ஐ7, மதர்போர்ட் என்ன, பவர் சப்ளை எந்தக் கொம்பனி, ராம் டி.டி.ஆர். 3ஆ 4ஆ, ஒன்றும் இருக்காது. கேட்டால் "இன்பொக்ஸ் வாங்கோ" என்பார்கள். இன்பொக்ஸில் போய்க் கேட்டால் "எல்லாம் நல்ல சாமான், ஒரு வருச வொரண்டி" என்பார்கள். சம்பாவா நாடா என்று கேட்காமல் அம்மா ஒரு கிலோ அரிசி வாங்கி நான் கண்டதில்லை. ஒன்றரை லட்சம் ரூபாவைக் குடுத்து ஒரு பெட்டியை வாங்கிற நாங்கள் மட்டும் உள்ளுக்கு என்ன இருக்கெண்டு கேட்கக் கூடாதாம்.

அந்தக் "கூடாது" மேல எனக்கு இருக்கிற கோபம்தான் இந்தக் கட்டுரை. பாகங்களைப் பொருத்தம் பார்த்து எடுக்கிறது ஏதோ ரகசிய வித்தை என்ற நினைப்பை எங்கட ஆக்களுக்குள்ள ஆரோ நல்லா விதைச்சு வச்சிருக்கினம். பொறியியல் பீடத்துப் பெடியனுக்குத்தான் அது விளங்குமாம். கலைப்பீடக்காரருக்கு அசைன்மென்ற் அடிக்க ஒரு பழைய லப்டொப் காணுமாம். நான் தமிழ் படிக்கிறேன். புணர்ச்சி விதி படித்த ஒருத்திக்கு சொக்கெட் விதி விளங்காது என்பதை என்னால் ஏற்க முடியாது. நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் பார்த்துத்தானே சேர்க்கிறோம். எங்கே தோன்றும், எங்கே திரியும், எங்கே கெடும் என்று. மதர்போர்ட்டும் அதே சங்கதி. உண்மையைச் சொன்னால் நன்னூலை விட இதில விதி குறைவு.

முதல் ஏமாற்று "ஐ7" என்கிற பெயர். இன்டெலின் ஐ7-2600 வந்தது 2011இல். அப்ப நான் ஆண்டு இரண்டு. அதில் 4 கோர், 8 திரெட். 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100எஃப் என்கிற "சின்ன" சிப்பிலும் 4 கோர், 8 திரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரின் வேகத்திலும் பழைய ஐ7 இதற்குப் பக்கத்திலும் வராது. மின்சாரத்திலும் பழையதற்கு 95 வொட் கணக்கு, புதியதற்கு 58 வொட். 7 பெரிசு, 3 சின்னன் என்று நினைக்க வைத்து விற்கிறார்கள். இன்னும் ஒரு விசயம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையில் இருந்துதான் முறைப்படி ஏற்கும். எங்கட பெடியள் விடிய விடிய விளையாடுற வலோரன்ற், விண்டோஸ் 11இல் ரி.பி.எம். 2.0உம் செக்யூர் பூட்டும் இல்லாமல் திறக்காது. அந்த விளையாட்டை மனதில் வைத்து இரண்டாம் தலைமுறை ஐ7 வாங்கின ஒருவருக்குக் கடைக்காரர் என்ன பதில் சொல்லுவார்? "தம்பி, அது சொஃப்ட்வெயார் பிரச்சினை."

எங்கட போர்டிங்கில் இருக்கிற ஒரு அக்கா போன வருசம் இப்படி ஒரு பெக்கேஜ் எடுத்தா. இரண்டு வருசம் ஓ.எல். பிள்ளைகளுக்கு ரியூசன் குடுத்துச் சேர்த்த காசு. ஐ7-2600, "ஆர்.எக்ஸ். 580" கிராபிக்ஸ் கார்ட், "500 வொட்" பவர் சப்ளையோட வந்த கேஸிங். வந்த கிழமையே விளையாட்டு கொஞ்சம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துப் பட்டென்று நிண்டுவிடும். கடைக்குப் போன் பண்ணினால் "உங்கட பக்கம் கரண்ட் சரியில்லை தங்கச்சி, ஒரு யூ.பி.எஸ். வாங்குங்கோ" என்ற பதில். கரண்டைக் குறை சொன்னால் இந்த நாட்டில ஆரும் மறுத்துக் கதைக்க மாட்டினம்தானே. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டுக்குள்ள இருந்த சனம், 2025 பெப்ரவரியில பாணந்துறையில குரங்கு பாய்ஞ்சு முழு இலங்கைக்கும் கரண்ட் போனதாக அமைச்சர் சொல்லக் கேட்ட சனம். எந்தப் பழியையும் மின்சாரத்தின் தலையில போடலாம்.

பக்கக் கதவைக் கழற்றிப் பார்த்தோம். பவர் சப்ளையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 500 என்று பெரிதாக. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட் வரிசையில் 16 அம்பியர். பெருக்கிப் பாருங்கோ: 192 வொட். கொம்பியூட்டரில் சிப்பும் கிராபிக்ஸ் கார்ட்டும் குடிக்கிறது இந்த 12 வோல்டைத்தான். ஐ7-2600க்கு 95, ஆர்.எக்ஸ். 580க்கு 185, இரண்டும் சேர்ந்து 280. 192 தருகிற ஒன்றிடம் 280 கேட்டால் அது நிற்காமல் என்ன செய்யும்? நின்றது நல்லம். நெருப்புப் பிடிச்சிருந்தால் என்ன செய்யிறது? ஆண்டு ஐந்து படிக்கிற பிள்ளை செய்யக்கூடிய ஒரு பெருக்கலைக் கடையில் ஒருவரும் செய்யவில்லை. செய்யத் தெரியாமல் இல்லை.

கார்ட்டின் கதை இன்னும் நல்ல கதை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஜி.பி.யூ.-இசட் என்ற சின்ன மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் ஷேடர் 2048 என்று வந்தது. உண்மையான ஆர்.எக்ஸ். 580க்கு அது 2304. இந்த 2048 காரன் பெயரில 580, உடம்பில 570. பொய்ப் பெயர் என்றும் சொல்ல ஏலாது, ஏ.எம்.டி.யே சீனச் சந்தைக்கென்று அந்தப் பெயரில் விட்டதுதான். ஆனால் விற்கிறவர் 2048 என்ற இலக்கத்தை விழுங்கிவிட்டு விற்றால் அதற்கு என்ன பெயர்? ஜி.ரி. 1030 என்ற கார்ட்டிலும் இதே விளையாட்டு. ஜி.டி.டி.ஆர். 5 நினைவகத்தோடு ஒன்று, சாதாரண டி.டி.ஆர். 4ஓடு இன்னொன்று, பெட்டியில் ஒரே பெயர், நினைவக வேகத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்.

"சரி, இருக்கிறதை வச்சுக்கொண்டு பிறகு மெல்ல மாத்துவம்" என்று அக்கா கேட்டா. எதை மாத்துறது? அந்த மதர்போர்ட்டில் வேறு நல்ல சிப் ஏறாது. புது மதர்போர்ட் எடுத்தால் 16 ஜி.பி. ராமையும் கொண்டுபோக ஏலாது, அது டி.டி.ஆர். 3, வெட்டு வேறு இடத்தில் இருக்கும், பொருந்தாது. 2025 கடைசியில் இருந்து உலகம் முழுக்க ராம் விலை ஏறி நிற்கிற காலத்தில இது சின்ன விசயம் இல்லை. நினைவகம் செய்கிற பெரிய கொம்பனிகளுக்கு ஏ.ஐ. தரவு மையங்கள்தான் இப்ப மாப்பிள்ளை. மைக்ரோன் கொம்பனி எங்களைப் போன்ற சில்லறை ஆக்களுக்கு விற்ற குருஷல் வியாபாரத்தையே கைவிடுகிறோம் என்று 2025 டிசெம்பரில் அறிவித்துவிட்டது.

பொருத்தம் என்ற சொல்லுக்கே கடைக்கும் எங்களுக்கும் இரண்டு அர்த்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடைக்குப் பொருத்தம் என்றால் சுவிட்சைப் போட்டால் லைற் எரியவேண்டும். எங்களுக்கு அது காணாது. ஏறினாலும் வேலை செய்யாத சாமானும் உண்டு. எல்.ஜி.ஏ. 1151 என்று இன்டெலின் ஒரு சொக்கெட். 6ஆம், 7ஆம் தலைமுறைக்கும் அதுதான், 8ஆம், 9ஆம் தலைமுறைக்கும் அதுதான். அதே 1151 கால்கள், அழகாகப் போய் உட்காரும். ஆனால் 200 தொடர் போர்ட்டில் 8ஆம் தலைமுறையை வைத்தால் உயிர் வராது. ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 இந்த விசயத்தில் கொஞ்சம் கண்ணியமானது, 2017இல் முதல் ரைஸன் வந்ததில் இருந்து ஒரே சொக்கெட்டில் பல தலைமுறை ஓடிவிட்டது. அங்கேயும் பி450 மாதிரிப் பழைய போர்ட் என்றால் பயோஸ் புதுப்பித்திருக்கிறதா என்று கேட்டுத்தான் 5000 தொடர் சிப்பை வாங்கவேண்டும். கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கோ. பத்து நிமிச வேலை.

வேலை செய்தும் வீணாகிறதும் உண்டு. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. என்ற கார்ட் மலிவென்று பலர் கண் வைக்கிறார்கள். அதற்கும் மதர்போர்ட்டுக்கும் இடையில் இருப்பது நாலே நாலு பாதை, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4ஆம் பதிப்பு. நினைவகமும் 4 ஜி.பி.தான். ரைஸன் 5 5600ஜி சிப்போ 3ஆம் பதிப்பு மட்டும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்தால் பாதையின் வேகம் பாதியாகும். நினைவகம் நிரம்பின உடனே விளையாட்டு நொண்டும். அந்தக் கார்ட்டில் வீடியோ என்கோடரும் இல்லை, விளையாட்டைப் பதிவுசெய்து யூரியூப்பில் போட நினைப்பவர்களும் கவனம். அதே 5600ஜியோடு எட்டுப் பாதை உள்ள ஆர்.எக்ஸ். 6600 போட்டால் இழப்பு அவ்வளவு தெரியாது. இரண்டு சோடியையும் கடையில் "பொருந்தும்" என்றுதான் சொல்வார்கள்.

இனி "சின்னது" என்ற விசயத்துக்கு வருவம். எங்களுக்குச் சின்னப் பெட்டி ஏன் வேணும்? இன்ஸ்ராகிராமில் வடிவா இருக்க இல்லை. மூன்று பேர் இருக்கிற போர்டிங் அறையில் எனக்குக் கிடைத்த மேசை ஒரு தட்டுச் சோறு வைக்கவும் இரண்டு புத்தகம் திறக்கவும் போதுமான அளவு. செமஸ்ரர் முடிந்தால் வீட்டுக்கு பஸ்ஸில் கொண்டுபோக வேணும், மன்னார் பஸ்ஸில் மடியில் வைக்க ஏலுமான அளவில் இருக்க வேணும். அயன் பொக்ஸ் போட்டாலே மீற்றரைப் பார்க்கிற வீட்டுக்கார அன்ரிக்குப் பயந்து கரண்டும் குறைவாகக் குடிக்க வேணும். இந்தத் தேவை உண்மையானது. ஆனால் "மினி" என்ற சொல்லை வைத்தும் காசு பிடுங்க ஆள் இருக்கிறது.

மினி ஐ.ரி.எக்ஸ். போர்ட் 170க்கு 170 மில்லிமீற்றர். யூரியூப்பில் அமெரிக்கக்காரர் சோறு வைக்கிற டப்பா அளவுப் பெட்டிக்குள் கட்டிக் காட்டுகிறது இதைத்தான். பார்க்க ஆசையாத்தான் இருக்கும். ஆனால் அதே சிப்செட் உள்ள போர்ட் சின்னதாகும்போது விலை கூடும், அதற்கு எஸ்.எஃப்.எக்ஸ். என்ற சின்னப் பவர் சப்ளை வேணும், அதுவும் விலை, பழுதானால் யாழ்ப்பாணத்தில் அண்டைக்கே மாற்றுச் சாமான் எடுக்கிறது கஷ்டம். இந்த மூன்றுக்கும் கூடக் குடுக்கிற காசில் கிராபிக்ஸ் கார்ட் ஒரு படி மேலே எடுக்கலாம். என்னுடைய தீர்ப்பு: கையில் அளவான காசு இருப்பவர்களுக்கு ஐ.ரி.எக்ஸ். ஒரு ஆடம்பரம். மைக்ரோ ஏ.ரி.எக்ஸ். போர்ட் கூடினது 244க்கு 244 மில்லிமீற்றர். அதற்கென்று வருகிற குட்டைக் கேஸிங்கில் சாதாரண பவர் சப்ளை போகும், ராம் வைக்க நாலு இடமும் சிலதில் இருக்கும். கேஸிங் வாங்க முதல் மூன்று அளவு மட்டும் பாருங்கோ: கிராபிக்ஸ் கார்ட் எத்தனை மில்லிமீற்றர் நீளம் வரை போகும், கூலர் எத்தனை உயரம் வரை, பவர் சப்ளை எந்த வகை. ஏ.எம்.டி. பெட்டியோடு தருகிற சின்னக் கூலர் 54 மில்லிமீற்றர்தான், அது எதற்குள்ளும் போகும்.

பாவித்த ஒபிஸ் மெஷின்களைப் பற்றியும் சொல்லாமல் போக ஏலாது. ஒப்ரிபிளெக்ஸ், எலிட்டெஸ்க் என்று ஒல்லியாகப் படுத்திருக்கிற பெட்டிகள். படிப்புக்கு நல்ல பெறுமதி, நான் மறுக்கேல்லை. அதைக் "கேமிங்" என்று விற்கும்போதுதான் பிரச்சினை. அவற்றின் பவர் சப்ளையும் மதர்போர்ட்டும் அந்தந்தக் கொம்பனிக்கே உரிய வடிவம், வெளியில் வாங்கி மாற்றேலாது. கிராபிக்ஸ் கார்ட்டும் அரை உயரத்தில்தான் போகும், தனியாக மின்வயர் கேட்காமல் சிலொட்டில் வருகிற 75 வொட்டுக்குள் சீவிக்க வேணும். ஜி.ரி.எக்ஸ். 1650, ஆர்.ரி.எக்ஸ். 3050இன் 6 ஜி.பி. வகை ஆகியவற்றில் அப்படி அரை உயரத்துக் கார்ட்டுகள் இருக்கின்றன. அதைத் தேடி எடுத்து, விலை கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கோ. "பிறகு பெரிய கார்ட் போடலாம்" என்று ஆரும் சொன்னால் எந்தக் கார்ட் என்று பெயர் கேளுங்கோ.

என்னைக் கேட்டால், காசு இறுக்கமான கம்பஸ்காரருக்கு 5600ஜி மாதிரிச் சிப்புக்குள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ஒன்று, ஏ520 அல்லது பி550 மைக்ரோ ஏ.ரி.எக்ஸ். போர்ட், 8உம் 8உமாக இரண்டு ராம், ஒரு எஸ்.எஸ்.டி., நம்பிக்கையான கொம்பனியின் 450 அல்லது 550 வொட் பவர் சப்ளை. 16ஐ ஒரே துண்டாக எடுக்காதேங்கோ. உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் ராமைத்தான் கடன் வாங்கிப் பாவிக்கிறது, இரண்டு பாதை இருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வலோரன்ற், ஜி.ரி.ஏ. 5 எல்லாம் செட்டிங்கைக் குறைத்தால் ஓடும். கார்ட் பிறகு, காசு வரேக்க. ஆனால் பவர் சப்ளையை இண்டைக்கே நல்லதாக எடுக்க வேணும், பிறகு வருகிற கார்ட்டுக்கும் அதுதான் சோறு போடப் போகிறது. சிப்பின் பெயரில் வால் எழுத்தையும் பாருங்கோ. இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளுக்கு கிராபிக்ஸ் இல்லை, கார்ட் இல்லாமல் திரையில் படம் வராது. ரைஸன் 5 5500உம் அப்படித்தான்.

இவ்வளவும் ஒரு பின்னேரத்தில் படிக்கக்கூடிய விசயம். பிறகேன் ஆரும் சொல்லித் தாறேல்லை? கடைக்குத் தெரியாத வாடிக்கையாளர்தான் லாபம், அது விளங்குது. எனக்கு அதைவிடக் கடுப்பு எங்கட வட்டத்துக்குள்ளேயே இருக்கிற "தெரிஞ்ச அண்ணாமார்" மேலதான். ஒரு பிள்ளை இருக்கிற காசைச் சொல்லி என்ன எடுக்கலாம் என்று கேட்டால் உடனே "இன்னும் கொஞ்சம் கூட்டுங்கோ, அப்பத்தான் சரி" என்கிறார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டால் இருபதாயிரமாம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் கூட்டினபோது மகாபொல மாதம் 7,500 ரூபா ஆனது; அதற்கு முதல் 5,000. அண்ணாவின் "கொஞ்சம்" அந்த 2025 கணக்கில் எங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம். யூரியூப்பில் 500 டொலர் பெட்டி என்று கட்டிக் காட்டுகிறதை அப்படியே இங்கே பெருக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. 2022இல் மூன்று மாதத்துக்குள் டொலர் 200 அளவில் இருந்து 360 அளவுக்குப் போனதைக் கண்ட நாடு இது. அதற்கு மேல 2024இல் இருந்து 18 வீதம் வற் வரி.

கடைக்குள் ஒரு பெட்டைப் பிள்ளை தனியே போனால் என்ன நடக்கும் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்த அக்காவின் பவர் சப்ளையை மாற்ற நானும் அவவும் எங்கட பட்சில் ஒரு பெடியனும் வேறொரு கடைக்குப் போனோம். கேள்வி கேட்டது நான். கையில் மொடல் இலக்கம் எழுதின கடதாசி இருந்தது என்னிடம். பதில் முழுக்கப் போனது பெடியனுக்கு. அவன் பாவம், அவனுக்கு பவர் சப்ளையும் தெரியாது, பவர் பாங்கும் தெரியாது, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிண்டவன். கடைசியில் "தங்கச்சி, தம்பிக்கோ வாங்குறீங்கள்?" என்று ஒரு கேள்வி. விளையாடப் போறது இந்த அக்காதான் என்று சொன்ன பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பின் விலை என்னவென்றால், அதற்குப் பயந்து பல பிள்ளைகள் கடைக்கே போகாமல் அண்ணாவிடமோ மாமாவிடமோ காசைக் குடுத்துவிடுகினம். பிறகு வாற பெட்டிக்குள்ள என்ன இருக்கெண்டு ஆரிட்டக் கேக்கிறது?

"கேம் விளையாடிக் கெட்டுப் போகுதுகள், அதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியோ" என்று கேட்கப்போகிற பெரியவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. பத்து மணித்தியாலம் கிரிக்கெட் பார்க்கிற வீடுகளில் இருந்துதான் இந்தக் கேள்வி வருகிறது. "அப்ப லப்டொப் வாங்குங்கோவன்" என்கிறவர்களின் பேச்சில் நியாயம் இருக்கு. கரண்ட் போனாலும் ஓடும், பஸ்ஸில் இலேசு. ஆனால் அதே காசுக்கு வருகிற லப்டொப்பில் கிராபிக்ஸ் பெரும்பாலும் இதைவிட மெலிவு, சிப் ஒட்டினபடி, பல மொடல்களில் ராமும் ஒட்டினபடி, ஒன்று போனால் எல்லாம் போச்சு. எங்களிடம் ஒருமுறைதான் காசு சேரும். சேருகிற காசு துண்டு துண்டாக வளரக்கூடிய ஒன்றில் போகவேண்டும் என்பது என் பக்கம்.

கடைசியாக பில். "கொம்பியூட்டர் 1" என்று ஒரு வரியில் எழுதின பில்லை வாங்காதேங்கோ. சிப், போர்ட், ராம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கார்ட் எல்லாம் தனித்தனி வரியில், மொடல் இலக்கத்தோடும் சீரியல் இலக்கத்தோடும், ஒவ்வொன்றுக்கும் வொரண்டி எத்தனை மாதம் என்றும் எழுதிக் கேளுங்கோ. கேட்டால் பற்றுச்சீட்டுக் குடுக்கவேண்டியது 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை; அவர் செய்கிற உதவி இல்லை. முறைப்பாட்டுக்கு 1977. காசு குடுக்க முதல் பக்கக் கதவைக் கழற்றச் சொல்லி, பவர் சப்ளை ஸ்டிக்கரைப் போனில் ஒரு படம் எடுங்கோ, 12 வோல்ட் வரிசையில் எத்தனை அம்பியர் என்று பார்த்துப் பன்னிரண்டால் பெருக்குங்கோ. கழற்ற ஏலாது, வொரண்டி போயிடும் என்று சொன்னால், நன்றி அண்ணை என்று சொல்லிப்போட்டு வெளியில வாங்கோ. அதே றோட்டில இன்னொரு கடை இருக்கும்.